தமிழ் சொல் விளையாட்டுக்கு நீளமான, அரிதான வார்த்தைகளை எப்படிப் படிக்கிறது?

மழைத்துளி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அபார்ட்மென்ட்ல இருக்கிற தமிழ்க் குடும்பங்க சேர்ந்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு சொல் விளையாட்டு ஆடுறோம். அட்டையை சின்னச் சின்னதா வெட்டி எழுத்து எழுதி ஒரு மஞ்சப்பையில போட்டு வச்சிருக்கோம். 247 எழுத்தையும் போட்டா சொல்லே சேராதுன்னு அடிக்கடி வர்ற எழுத்தா பாத்து எழுதியிருக்கோம், புள்ளி வச்ச எழுத்துக்குத் தனி அட்டை. பத்து அட்டை எடுத்து நடுவுல வைப்போம், ரெண்டு நிமிஷம் டைம், எழுத்துக்கு ஒரு பாயின்ட். வேற யாருமே எழுதாத சொல்லா இருந்தா டபுள். தொழிற்பெயர் ஓகே, ஆனா வேற்றுமை உருபு சேர்த்தது, வந்தான் போனான் மாதிரி வினைமுற்று, ஊர் பேர், ஆள் பேர் எதுவும் கிடையாது. சண்டை வந்தா சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதில இருக்கான்னு பாத்து முடிவு பண்ணுவோம்.

போன தடவை பு, ற, க், க, ணி, ப், பு, ம், டை, பா இப்படி வந்துச்சு. நான் "கணிப்பு"ன்னு எழுதினேன். மூணாவது மாடியில இருக்கிற தாத்தா "புறக்கணிப்பு"ன்னு எழுதி ஏழு எழுத்து எடுத்துட்டார், அடுத்த ரவுண்டுலயே "ஞமலி"ன்னு ஒண்ணு போட்டார், நாய்னு அர்த்தமாம், அகராதியத் தொறந்து பாத்தா இருக்கு. அவர் வாரா வாரம் ஜெயிக்கிறார், எல்லாருக்கும் அவர் மேல பெரிய மரியாதை. அவர்கிட்டயே கேட்டா "படிக்கணும்மா"ன்னு மட்டும் சொல்றார்.

எனக்கும் ஏழாவது படிக்கிற என் பொண்ணுக்கும் இதை முறையா கத்துக்கணும்னு ஆசை. அகராதிய முதல் பக்கத்துல இருந்து படிக்கிறதா, சங்க இலக்கியத்துல இருந்து பொறுக்குறதா, இல்ல ஆப்ல போட்டு மனப்பாடம் பண்றதா? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

குறுக்கும்நெடுக்கும்:

மழைத்துளி, நீங்க சொன்ன ரெண்டு உதாரணமும் ரெண்டு விதம், அதை முதல்ல பிரிச்சுக்கோங்க. ஞமலி உங்களுக்குத் தெரியாத சொல். புறக்கணிப்பு தெரிஞ்ச சொல், எழுத்து கலைஞ்சு கெடந்ததால கண்ணுல படல. நான் பல வருஷமா குறுக்கெழுத்து போடுறவன், கட்டம் கட்டிக் குடுக்கவும் செய்றேன், நான் பாத்த வரைக்கும் பாயின்ட் போறது பெரும்பாலும் ரெண்டாவது விதத்துலதான். அதனால அரிய சொல்லுக்குப் போறதுக்கு முன்னாடி தெரிஞ்ச நீளச் சொல்லைக் கண்டுபிடிக்கிற பழக்கம் வரணும்.

அதுக்கு வாலைப் பிடிங்க. தமிழ்ல நீளமான தொழிற்பெயர் எல்லாம் நாலஞ்சு வாலுக்குள்ள அடங்கிடும். ப், பு ரெண்டும் இருந்தா உடனே அதைக் கடைசியில ஒதுக்கி வச்சிட்டு மீதிய பாருங்க. எதிர்பார்ப்பு, ஒருங்கிணைப்பு, அங்கலாய்ப்பு, ஆர்ப்பரிப்பு, அர்ப்பணிப்பு எல்லாமே ஏழு எழுத்து. ச், சி இருந்தா அதுக்கு முன்னாடி ழ் இல்லன்னா ர் இருக்கான்னு பாருங்க. மகிழ்ச்சி, நெகிழ்ச்சி, இகழ்ச்சி, கிளர்ச்சி, தளர்ச்சி, அதிர்ச்சி, குளிர்ச்சி. ஒரே வால், முன்னாடி ரெண்டு எழுத்து மட்டும்தான் மாறுது.

அப்புறம் கையில ஒரே எழுத்து ரெண்டு ரெண்டா வந்தா எல்லாரும் சலிச்சுக்குவாங்க, ஆனா தமிழ்ல அதுதான் லக்கு! இரட்டைக்கிளவி இருக்குல்ல. மி னு மி னு, வெ து வெ து, சு று சு று, மொ று மொ று, சி டு சி டு, பின்னாடி ப், பு ஒட்டினா மினுமினுப்பு, வெதுவெதுப்பு, சுறுசுறுப்பு, மொறுமொறுப்பு, சிடுசிடுப்பு எல்லாம் ஆறு எழுத்து. சலசலப்பு, கதகதப்பு, கிறுகிறுப்பு, வழவழப்புன்னு இது போயிட்டே இருக்கும், உங்க பொண்ணு ஒரே உக்காரல்ல ஒரு பக்கம் எழுதிடும் பாருங்க.

இன்னொண்ணு, எந்த எழுத்துக்குப் பக்கத்துல எது வரும்னு மெய்ம்மயக்கம் பத்தி ஸ்கூல்ல படிச்சிருப்போம், அப்ப எதுக்குன்னே புரிஞ்சிருக்காது. இந்த விளையாட்டுக்கு அது ரொம்ப உதவும். க், ச், த், ப் நாலும் வடசொல்லை விட்டா தன் வரிசையோட மட்டும்தான் சேரும், பக்கம், பச்சை, பத்து, பப்பாளி. அதனால கையில க் இருந்து க வரிசையில எதுவுமே இல்லன்னா அந்த க்-ஐ மறந்துடுங்க, டைம் மிச்சம். ட், ற் ரெண்டும் தாராளம், வெட்டு, வெட்கம், காட்சி, நட்பு, அதே மாதிரி காற்று, கற்கண்டு, பயிற்சி, கற்பு. ங்-க்கு அப்புறம் க வரிசைதான், அங்ஙனம் மாதிரி ஒண்ணு ரெண்டு விலக்கு. ர், ழ் ரெண்டும் எப்பவும் இரட்டிக்காது, ஆனா அதுங்களுக்கும் ய்-க்கும் பின்னாடி இன்னொரு மெய் ஒட்டும், காய்ச்சல், வளர்ச்சி, வாழ்க்கை. பழைய சொல் எதுவும் க், ச், ட், த், ப், ற்-ல முடியாது, அதனால அந்த அட்டையெல்லாம் நடுவுல வைக்கிறதுக்கு மட்டும்தான். இவ்வளவு தெரிஞ்சா பத்து அட்டைய எப்படி வேணா மாத்தி மாத்தி வைக்கணும்னு அவசியம் இல்ல, நாலஞ்சு வழிதான் மிஞ்சும்.

திண்ணைப்பள்ளி:

அம்மா மழைத்துளி, நான் தமிழாசிரியரா இருந்து ஓய்வு பெற்றவன். மேல தம்பி சொன்னது ரொம்பச் சரி. அரிய சொல் பத்தி நான் கொஞ்சம் சொல்றேன்.

அகராதிய அ-வில இருந்து படிக்காதீங்க. அகர வரிசை தேடுறதுக்காக வச்ச வரிசை, நெனப்புல நிக்கிறதுக்காக வச்சது இல்ல. நம்ம ஊர்ல சொல்லை மனப்பாடம் பண்றதுக்குன்னே நூல் இருந்துச்சு, நிகண்டுன்னு பேரு. திண்ணைப் பள்ளிக்கூடத்துல பசங்க வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி நிகண்டும் ஒப்பிப்பாங்க. மண்டல புருடர் செஞ்ச சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதி. அதுல பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்றது, அதை எதுகை வரிசையில அடுக்கியிருக்கார். ரெண்டாவது எழுத்து ஒண்ணா இருக்கிற சொல்லெல்லாம் ஒண்ணா வரும். தகரம், நகரம், மகரம், சிகரம் இப்படி வாயில போட்டுப் பாருங்க, ஒண்ணு வந்தா அடுத்தது தானா இழுத்துட்டு வரும். அதுல தகரம் டப்பா தகரம் மட்டும் இல்ல, வாசனை மரமும் தகரம்தான். மகரம் சுறாமீன். வீரமாமுனிவர் 1732ல சதுரகராதி செய்யும்போது பெயர், பொருள், தொகைன்னு மூணு பகுதி வச்சிட்டு நாலாவதா தொடையகராதின்னு எதுகைக்குத் தனியா ஒண்ணு வச்சார், பாட்டுக் கட்டுறவங்களுக்கு உதவும்னு. உங்க விளையாட்டுக்கு அது அளவெடுத்துத் தச்ச மாதிரி, ஏன்னா முதல் எழுத்து அட்டைய மட்டும் மாத்தினா அடுத்த சொல் கெடைச்சிடும்.

நீளம் பத்திக் கேட்டீங்க. நன்னூல் அதுக்கும் கணக்கு சொல்லுது. பிரிக்க முடியாத பகாப்பதம் ஏழு எழுத்து வரைக்கும், பிரிக்கக்கூடிய பகுபதம் ஒன்பது எழுத்து வரைக்கும் போகும்னு பவணந்தியார் வரையறை. உரையில ஏழெழுத்துக்குக் குடுக்கிற உதாரணம் உத்தரட்டாதி, நட்சத்திரம். ஒன்பதுக்கு உத்தரட்டாதியான். எண்ணிப் பாருங்க, உ, த், த, ர, ட், டா, தி, யா, ன். சந்தியும் சாரியையும் போட்டு எவ்வளவு வேணா நீட்டலாமேன்னு தோணும், ஆனா தனிச் சொல்னு பாத்தா ஏழெழுத்துச் சொல் கெடைக்கிறதே பெரிய விஷயம்னு இதுல தெரியுது. அதனால உங்க பெண் ஏழு எழுத்து எழுதினா அன்னிக்கு அது முழு வெற்றின்னு நெனைச்சு பாராட்டுங்க.

அதே நன்னூல்ல ஓரெழுத்து ஒருமொழி 42ன்னு வருது. உயிர்ல ஆறு, மகரத்துல ஆறு, த ப ந மூணுலயும் அஞ்சஞ்சு, க வ ச மூணுலயும் நாலு நாலு, யா ஒண்ணு, ஆக நெடில் நாற்பது, குறில்ல நொ, து ரெண்டு. ஆ பசு, ஊ இறைச்சி, ஏ அம்பு, கா சோலை, சோ மதில், வீ மலர், மீ மேலே, நே அன்பு. ஓரெழுத்துக்கு ஒரு பாயின்ட்தானேன்னு விட்டுடாதீங்க. நீளச் சொல்லுக்குத் தலையா வந்து நிக்கிறது இதுங்கதான். மீ தெரிஞ்சா மீக்கூற்று புரியும், அது புகழ்னு பொருள், அஞ்சு எழுத்து. பூ, கா ரெண்டும் தெரிஞ்சா பூங்கா எங்க இருந்து வந்துச்சுன்னு கொழந்தைக்குத் தெரியும், அப்புறம் மறக்காது. பொருளோட படிங்க, அது முக்கியம்.

வடலி:

வணக்கம். நான் இருக்கிறது கொழும்பில. பாடசாலைக் காலத்தில இருந்தே ஆங்கில ஸ்க்ராபிள் விளையாடுறனான், அதில இருந்து ஒரு சில விசயம் சொல்லுறன்.

வெளியில இருந்து பாக்கிற ஆக்கள் ஸ்க்ராபிள் சாம்பியன் எண்டால் பெரிய பெரிய சொல்லாத் தேடிப் படிப்பினம் எண்டு நினைக்கிறவை. அப்பிடி இல்லை. பலகை 15க்கு 15 கட்டம், கையில ஏழு எழுத்து. முதல் படிக்கிறது ரெண்டெழுத்துச் சொல், போட்டிக்கு வைச்சிருக்கிற கொலின்ஸ் எண்ட சொற்பட்டியல்ல 2019 பதிப்பில அது 127, அதை முழுசாப் பாடமாக்குவினம். பிறகு மூண்டெழுத்து. அதுக்குப் பிறகு நேர ஏழும் எட்டும், ஏனெண்டால் ஏழையும் ஒரே தரத்தில வைச்சால் 50 புள்ளி மேலதிகம். அந்த ஏழெழுத்தையும் அகர வரிசையில படிக்கிறேல்லை, கையில வாறதுக்குச் சாத்தியம் கூடின எழுத்துகள் உள்ள சொல்லை முதல் படிக்கிறது. உங்கட மஞ்சள் பையில எந்த அட்டை எத்தினை இருக்கு எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, அதை வைச்சு நீங்களும் அப்பிடிச் செய்யலாம். ஞ அட்டை ஒண்டே ஒண்டுதான் இருக்கெண்டால் ஞ சொல்லை ஒரு பக்கத்தில முடிச்சுப் போடலாம், ஞாழல், ஞிமிறு, ஞெண்டு, ஞெகிழி, ஞாலம், ஞாஞ்சில், அவ்வளவும் போதும்.

படிக்கிற முறை இதுதான். ஒரு சின்ன அட்டை எடுத்து முன்பக்கத்தில சொல்லை எழுதாதேங்கோ, அந்தச் சொல்லில உள்ள எழுத்துகளை அகர வரிசைப்படி கலைச்சு எழுதுங்கோ. உங்கட புறக்கணிப்பை எடுத்தால் க், க, ணி, ப், பு, பு, ற எண்டு வரும். பின்பக்கத்தில விடை. மகளும் நீங்களும் மாறி மாறிக் காட்டுங்கோ. விளையாட்டில சொல் உங்களுக்கு முழுசா வரப்போறேல்லை, கலைஞ்சுதான் வரும், அப்ப கலைஞ்ச உருவத்தைப் பாத்த உடன சொல் வரவேணும். சரியாச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அது கொஞ்ச நாள் கழிச்சுத்தான் திரும்ப வரும். பிழைச்சால் முதல் பெட்டிக்கு வந்திடும். ஜெர்மன்காரர் செபாஸ்டியன் லைட்னர் 1970களில எழுதின முறை இது, ஃபோன்ல அன்கி எண்ட ஆப்பும் ஏறக்குறைய இதைத்தான் செய்யுது, தமிழ் எழுத்தும் போடலாம்.

ஐயா பொருளோட படிக்கச் சொன்னவர். எனக்கு அதில கொஞ்சம் வேற கருத்து. நைஜல் ரிச்சர்ட்ஸ் எண்ட நியூசிலாந்துக்காரர் 2015ல பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் போட்டியில வெண்டவர், அவருக்கு பிரெஞ்சு கதைக்கவே தெரியாது, ஏறக்குறைய ஒன்பது கிழமையில பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனசில ஏத்தினவர். 2024ல ஸ்பானிஷ் போட்டியிலயும் வெண்டவர். விளையாட்டு எண்ட அளவில எழுத்து உருவம் போதும்.

திண்ணைப்பள்ளி:

வடலி தம்பி, அட்டைய கலைச்சு எழுதுற யோசனை அருமை, நானே என் பேத்திக்குச் செய்யப் போறேன். ஆனா ரிச்சர்ட்ஸ் மாதிரி ஒருத்தரோட ஞாபக சக்திய வச்சு ஏழாவது படிக்கிற பொண்ணுக்குப் பாடம் சொல்ல முடியாது. சாதாரண மனசுக்குப் பொருள்தான் பிடி. அதோட, இங்க தாய்மொழி, ஞிமிறு வண்டுன்னு தெரிஞ்சா நாளைக்குப் பத்துப்பாட்டு படிக்கும்போது அந்தப் பொண்ணு நின்னு ரசிக்கும். அது விளையாட்டுல வர்ற பாயின்ட்டை விடப் பெருசு, நான் அப்படித்தான் நெனைக்கிறேன்.

வடலி:

அது உண்மைதான் ஐயா, பிள்ளைக்கு எண்டால் உங்கட வழிதான் நல்லது. போட்டிக்குப் போறவைக்கு நான் சொன்னது.

மழைத்துளி:

இவ்வளவு விவரமா சொல்லுவீங்கன்னு எதிர்பாக்கவே இல்ல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இரட்டைக்கிளவி லிஸ்ட்டை பொண்ணு இப்பவே எழுத ஆரம்பிச்சிட்டா, "நமநமப்பு உண்டா"ன்னு கேட்டுட்டு இருக்கா.

ஒரு சந்தேகம். எங்க குரூப்ல வடமொழிச் சொல் பத்தி வாக்குவாதம் வருது. ஒருத்தர் பேரகராதில இருக்குன்னு நீள நீளமா சமஸ்கிருதக் கூட்டுச்சொல்லா எழுதுறார், இன்னொருத்தர் அது தமிழே இல்லங்கிறார். நீங்க எல்லாம் எப்படி முடிவு பண்ணுவீங்க? அப்புறம் நீளமான தமிழ்ச் சொல் ஒரே எடத்துல நிறைய கெடைக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?

அகராதிப்புழு:

பேரகராதிய நடுவரா வச்சா இந்தச் சண்டை வரத்தான் செய்யும். 1924ல வெளிவர ஆரம்பிச்சு 1936க்குள்ள ஆறு தொகுதி வந்துச்சு, அப்புறம் துணைத் தொகுதி ஒண்ணு, பெரும்பகுதிக்குப் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை. ஒரு லட்சத்துக்கு மேல சொல். அவங்க நோக்கம் தமிழ் நூல்கள்லயும் வழக்குலயும் இருக்கிற சொல் எல்லாத்தையும் பதியிறது, அதனால வைத்தியம், சோதிடம், கோயில், கணக்குன்னு எல்லாத் துறை வடசொல்லும் உள்ள இருக்கு. அது பதிவு, நல்ல பதிவு, சிகாகோ பல்கலைக்கழக தளத்துல இலவசமாவே தேடலாம். ஆனா விளையாட்டுக்குன்னு செஞ்சது இல்ல. நாங்க ஆடும்போது வச்ச விதி என்னன்னா, கிரந்த எழுத்து ஜ, ஷ, ஸ, ஹ அட்டையே பையில கிடையாது. தமிழ் எழுத்துல எழுத முடிஞ்ச வடசொல்லை அனுமதிக்கிறோம். வடசொல்லே கூடாதுன்னா நன்னூல் உரைகாரர் குடுத்த உத்தரட்டாதியே வெளிய போயிடும், அது வடமொழி நட்சத்திரப் பேர்தான். கூட்டுச்சொல்லுக்கு இன்னொரு வடிகட்டி, க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, 1992ல முதல் பதிப்பு, அது இன்னிக்குப் புழங்குற தமிழுக்கு. வாரம் ஒரு அகராதின்னு மாத்தி மாத்தி ஆடிப் பாருங்க. க்ரியா வாரத்துல சின்னப் பசங்க ஜெயிப்பாங்க, பேரகராதி வாரத்துல தாத்தா ஜெயிப்பார், ரெண்டு பேருக்கும் சந்தோஷம்.

பிச்சிப்பூ:

ஒரே எடத்துல கேட்டீங்கல்ல, குறிஞ்சிப்பாட்டு எடுங்க அக்கா. பாட்டு மொத்தம் 261 அடி, அதுல ஒரு எடத்துல கபிலர் பூ பேரா வரிசையா அடுக்குவார், 99 பூன்னு சொல்லுவாங்க. நான் பாட்டனி படிச்சவ, எனக்கு அந்த வரி பூராவும் மனப்பாடம், காலேஜ்ல ராகம் போட்டு சொல்லிச் சொல்லி வந்தது. கஞ்சங்குல்லை ஏழு எழுத்து, சிறுசெங்குரலி ஏழு, செங்கொடுவேரி ஆறு, சிறுமாரோடம் ஆறு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது நள்ளிருணாறி, ந, ள், ளி, ரு, ணா, றி, ஆறு எழுத்து. நள்ளிருள்ல மணக்கிற பூ, உரையில இருவாட்சின்னு சொல்றாங்க. நாறுறதுன்னா அப்போ மணக்கிறது. ராத்திரி அந்தச் செடி பக்கத்துல போனாலே இந்தப் பேரு நாக்குல வந்துடும், கார்டே வேணாம். சின்னப் பூ பேரும் அரிதான எழுத்தோட கெடைக்கும், ஞாழல், மௌவல், உந்தூழ், எறுழம், வழை, புழகு. ழ அட்டை வந்தா என்ன பண்றதுன்னு முழிக்க வேணாம். பொண்ணோட உக்காந்து ஒரு நாளைக்கு ரெண்டு அடி சத்தமா சொல்லுங்க, கூடவே பூவோட போட்டோவும் தேடிக் காட்டுங்க.

குறுக்கும்நெடுக்கும்:

பிச்சிப்பூ சொன்னது பிரமாதம், நான் இதுவரைக்கும் அந்த வரிசைய விளையாட்டுக்குன்னு பாத்ததே இல்ல. மழைத்துளி, நமநமப்பு பேச்சுல உண்டு, அகராதில பாத்துட்டு சேருங்க. பயிற்சிக்கு ஒரு பத்து அட்டை போடுறேன், பொண்ணுகிட்ட குடுங்க, மத்தவங்களும் போட்டுப் பாருங்க:

க, ரு, ங், கா, லி, செ, ங், ள, ம், பூ

மழைத்துளி:

பொண்ணு முதல்ல களம், அப்புறம் கருங்காலி, அஞ்சு எழுத்து. ரெண்டு ங் இருக்கு, ஒண்ணு இன்னும் மிச்சம், ங் பின்னாடி க வரிசைதானேன்னு யோசிச்சு செங்கருங்காலின்னு எழுதியிருக்கா, ஏழு எழுத்து வருது. அப்படி ஒரு மரம் இருக்கா?

பிச்சிப்பூ:

இருக்கு! நான் மேல சிறுமாரோடம்னு எழுதினேன்ல, அதுக்கு உரையில செங்கருங்காலிப் பூன்னுதான் பொருள் சொல்லியிருக்கு. யாரும் சொல்லாம கண்டுபிடிச்சிருக்கா, அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க அக்கா.